கார் ஷெட்டில் பட்டறை: எல்லா மரவேலைக்கும் ஒரே மேசை போதுமா?

கேட்டவரின் நிலைமை இதுதான். 10 அடி அகலம், 16 அடி நீளத்தில் ஒரு கார் ஷெட். காரை வெளியே நிறுத்திவிட்டு அதைத் தச்சுப் பட்டறையாக்கப் போகிறார். கையில் இருப்பது ஒரு போர்ட்டபிள் டேபிள் சா (தட்டின் நடுவில் சுழலும் ரம்பம் உள்ள மெஷின்), ஒரு ரூட்டர் (மரத்தில் பள்ளமும் விளிம்பு வடிவமும் குடையும் மெஷின்), டிரில், அப்பா வைத்திருந்த மர இழைப்புளி ஒன்று, சில உளிகள். இரண்டு மேசைக்கு இடமில்லை. இழைக்கவும், டேபிள் சாவிலிருந்து வெளியே வரும் பலகையைத் தாங்கவும், பெட்டி பூட்டவும், ரூட்டர் ஓட்டவும் ஒரே மேசை போதுமா, டேபிள் சாவை மேசைக்குள்ளேயே இறக்கிவிடலாமா, என்ன மரம் போடலாம், சக்கரம் வைக்கலாமா என்று கேட்கிறார்.

ஒரே மேசை போதும். ஆனால் எல்லாவற்றையும் மேசைக்குள் புகுத்தினால் போதாது. இணையத்தில் பார்க்கும் 'ஆல் இன் ஒன்' மேசைகள் படத்தில் அழகாக இருக்கும். நடுவில் ரம்பம், ஓரத்தில் ரூட்டர், கீழே பத்து டிராயர். வேலை என்று இறங்கினால், ஒட்டி காயவைத்த பெட்டி ரம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், அடுத்த பலகையை அறுக்க முடியாது. மேசை என்பது தட்டையான, கனமான, ஆடாத ஒரு பரப்பு. அதை மட்டும் சரியாகச் செய்துகொண்டு, மற்றதெல்லாம் மேலே வைத்து எடுக்கிற மாதிரியோ பக்கத்தில் உருட்டி வருகிற மாதிரியோ வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உயரம். பலரும் டேபிள் சாவின் உயரத்தை அளந்து அதற்கேற்ப மேசை செய்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். மேசையை உங்கள் உடம்புக்குச் செய்யுங்கள், மெஷினை மேசைக்குக் கொண்டுவாருங்கள். பட்டறையில் எந்தச் செருப்போடு நிற்பீர்களோ அதைப் போட்டுக்கொண்டு நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை உள்ள உயரம்தான் இழைப்பதற்கான தொடக்கக் கணக்கு. நடுத்தர உயரமுள்ளவர்களுக்கு 32 முதல் 34 இன்ச்சுக்குள் வரும். உங்களிடம் இருப்பது மர இழைப்புளி. அதன் உடம்பு இரும்புப் பிளேனைவிட உயரம். கை அந்த அளவுக்கு மேலே போய்விடும் என்பதால் ஒரு இன்ச் குறைத்துக்கொள்ளலாம். தாழ்வான மேசையில் இழைத்தால் உடம்பின் எடை வேலை செய்யும், உயரமான மேசையில் தோள்பட்டைதான் வேலை செய்யும்.

இந்த உயரம் உளி வேலைக்குத் தாழ்வு. புறாவால் மூட்டு வெட்டும்போது கண்ணுக்குக் கிட்டத்தில் வேண்டும், இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதற்காக மேசையை உயர்த்த வேண்டாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 6 இன்ச் உயரத்தில் ஒரு குட்டி மேசை செய்து, தேவைப்படும்போது பெரிய மேசைமேல் வைத்துக் கிளாம்ப் போட்டுக்கொள்ளுங்கள். அதேபோல அலமாரி மாதிரி பெரிய பெட்டி பூட்ட இந்த உயரம் அதிகம். அதைத் தரையில் இரண்டு தாழ்ந்த முக்காலிகளின் மேல் பூட்டுங்கள். நம் ஊர்த் தச்சர்கள் காலங்காலமாகத் தரையில் உட்கார்ந்துதான் வேலை செய்தார்கள். கட்டையில் ஒரு முட்டு அடித்து, பலகையை அதில் முட்டவைத்து, காலால் அழுத்திக்கொண்டு இழைப்பார்கள். வைஸ் (பலகையைக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தாடை) இல்லாமலே இழைக்கலாம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அந்த முட்டை நம் மேசைக்கும் கொண்டுவரப் போகிறோம்.

அளவு: 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம். 6 அடி இன்னும் நல்லதுதான். ஆனால் 5 அடிக்கு ஒரு லாபம் இருக்கிறது. ஒரே ஒரு 8க்கு 4 பிளைவுட் தகட்டில் இரண்டு அடுக்கு மேசைப்பரப்பு கிடைத்துவிடும். 96 இன்ச் நீளத்தில் 60 இன்ச்சில் குறுக்காக வெட்டுங்கள். 60க்கு 48 துண்டிலிருந்து 60க்கு 30 மேல் அடுக்கு, மிச்சம் 60க்கு 18. இன்னொரு பக்கம் இருக்கும் 36க்கு 48 துண்டிலிருந்து 36க்கு 30, மிச்சம் 36க்கு 18. கீழ் அடுக்குக்கு அந்த 36க்கு 30 துண்டோடு, 24க்கு 18 ஒன்று, 24க்கு 12 ஒன்று சேர்த்தால் 60க்கு 30 நிறைந்துவிடும். ரம்பம் தின்னும் அளவில் கீழ் அடுக்கின் இணைப்பில் ஒரு நூல் இடைவெளி வந்தாலும் கவலையில்லை, யாரும் பார்க்கப் போவதில்லை. கடையில் பேனல் சாவில் வெட்டித்தரக் கூலி கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். முழுத்தகட்டைப் போர்ட்டபிள் டேபிள் சாவில் தள்ளுவது ஒற்றை ஆள் செய்கிற வேலை இல்லை.

எந்தப் பிளைவுட்? 18 அல்லது 19 மில்லிமீட்டர். ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர முத்திரையில் வரும் சாதா தரமே பட்டறைக்குப் போதும். ஷெட்டில் மழைச்சாரல் அடிக்கும் என்றால் மட்டும் ஐஎஸ் 710 மரைன் தரம் வாங்குங்கள். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அவ்வளவு தட்டையாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் நம் ஊர் மழைக்காலத்தில் வெட்டிய விளிம்பில் ஒருமுறை தண்ணீர் ஏறினால் உப்பிப்போகும், திரும்பவும் வற்றாது. அதனால் எம்டிஎஃப்பை மேசையாகப் போடாதீர்கள், மேசைக்கு மேல்தோலாகப் போடுங்கள். 6 மில்லிமீட்டர் எம்டிஎஃப் அல்லது ஹார்ட்போர்டை ஒட்டாமல், தலை உள்ளே பதியும் நாலைந்து திருகாணியில் மட்டும் பொருத்திவிட்டால், உளி குத்தி, கோந்து சிந்தி, ரம்பம் கீறி நாசமான பிறகு கழற்றித் தூரப் போட்டுவிட்டு வேறு போடலாம்.

கால்களுக்கு என்னுடைய முதல் தேர்வு, பழைய வீடு இடித்த சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் நிலைச்சட்டம். 4க்கு 3 இன்ச்சில் வேங்கை, கோங்கு, சில நேரம் தேக்கு. பல வருஷம் காய்ந்த மரம், இனிமேல் முறுக்காது. வாங்கி வந்ததும் ஒரு காந்தத்தை நாலு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். பெயின்டுக்கு அடியில் தலை ஒடிந்த ஆணி ஒன்றாவது இருக்கும். அதைப் பிடுங்காமல் அறுத்தால் பிளேடின் கார்பைடு பல் போய்விடும். புது மரம்தான் என்றால் வேம்பு மலிவு, கனமும் உண்டு. ஆனால் மில்லில் பச்சையாக அறுத்துக் கொடுத்ததை அப்படியே பூட்டாதீர்கள். ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. 3 இன்ச் சட்டத்துக்கு அது எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கால்களை இரண்டு பக்கச் சட்டகமாகப் பூட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கால், மேலே ஒரு குறுக்குச் சட்டம், தரையிலிருந்து 6 இன்ச் மேலே ஒன்று. இதில் கழுந்தும் துளையும் வெட்டி ஒட்டிவிடலாம். இரண்டு சட்டகத்தையும் இணைக்கும் நீளச் சட்டங்களை மட்டும் ஒட்டாமல் 10 மில்லிமீட்டர் போல்ட், பெரிய வாஷர் போட்டு முடுக்குங்கள். வீடு மாறினால் கழற்றலாம். மரம் வெயில் காலத்தில் சுருங்கும்போது ஒரு திருகு திருகி இறுக்கவும் முடியும். இழைக்கும்போது மேசை நீளவாக்கில்தான் ஆட்டம் காணும், அந்த ஆட்டத்தைத் தடுப்பது இந்த நீளச் சட்டங்கள்தான். அதனால் 4 இன்ச்சுக்குக் குறையாத அகலத்தில் போடுங்கள்.

முன்பக்கக் கால்களின் முகம் மேசைப்பரப்பின் முன்விளிம்போடு ஒரே கோட்டில் இருக்கட்டும். நீளப் பலகையை நிமிர்த்தி அதன் விளிம்பை இழைக்கும்போது, பலகையின் ஒரு முனை வைஸில் இருக்கும், மறுமுனை காலோடு ஒட்டி நிற்கும், அங்கே ஒரு கிளாம்ப் போட்டுக்கொள்ளலாம். மற்ற மூன்று பக்கத்திலும் பரப்பு 4 இன்ச் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். கிளாம்ப் பிடிக்க அந்த உதடு வேண்டும். சாப்பாட்டு மேசை போலச் சுற்றிலும் பட்டி அடித்து அடைத்துவிட்டால் கிளாம்ப் போட இடமே இருக்காது.

இப்போது முக்கியமான இடம். இரண்டு பிளைவுட் அடுக்கை ஒட்டும்போது, எந்தப் பரப்பின் மேல் வைத்து ஒட்டுகிறீர்களோ அந்தப் பரப்பின் வளைவை அது அப்படியே வாங்கிக்கொள்ளும், காய்ந்த பிறகு விடாது. கார் ஷெட் தரை தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சாய்வாகத்தான் போட்டிருப்பார்கள். எனவே தரையில் வைத்து ஒட்ட வேண்டாம். கால் சட்டகத்தை முதலில் பூட்டி, அது நிரந்தரமாக நிற்கப்போகும் இடத்திலேயே வைத்து, அதன் மேல் ஒட்டுங்கள். சட்டகம் முறுக்கில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் மட்டும் போதாது. இரண்டு மெல்லிய நூலை எடுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக, விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. மேல் நூலுக்கும் கீழ் நூலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால், மேல் நூல் கட்டிய இரண்டு மூலைகள் உயரம். மேல் நூல் கீழ் நூலை அழுத்திக்கொண்டிருந்தால் நேர்மாறு. பிறகு கீழே இருக்கும் நூலை மேலே மாற்றிக் கட்டி இன்னொருமுறை பாருங்கள். நூல் அழுத்திக்கொண்டிருப்பதை வெறும் தொடுதல் என்று நினைத்து ஏமாறாமல் இருக்கத்தான் இந்த இரண்டாவது சோதனை. தாழ்ந்த காலுக்கு அடியில் ஆப்பு வைத்து முறுக்கை எடுத்த பிறகே கோந்து டப்பாவைத் திறக்க வேண்டும்.

ஃபெவிகால் எஸ்எச் போதும். பரப்பு முழுக்கப் பல்லுத்தகட்டால் இழுத்துவிட்டு, கீழிருந்து 30 மில்லிமீட்டர் திருகாணியை 8 இன்ச்சுக்கு ஒன்றாக ஏற்றுங்கள். இரண்டு அடுக்கும் சேர்ந்து 36 மில்லிமீட்டர், முனை மேலே எட்டாது. ஆனால் அதற்கு முன்பே முட்டுத் துளைகள் எங்கே வரப்போகின்றன என்று பென்சிலில் குறித்து வையுங்கள். அந்த இடத்தில் திருகாணி இருந்தால் பின்னால் டிரில் பிட் கதறும்.

துளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெஸ்டூல் கம்பெனியின் எம்எஃப்டி மேசையைப் பார்த்துவிட்டு எல்லோரும் பலகை நிறையத் துளை போடுகிறார்கள். அதில் 20 மில்லிமீட்டர் துளைகள் 96 மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருக்கும். 96 என்பது ஐரோப்பிய அலமாரித் தொழிலின் 32 மில்லிமீட்டர் முறையில் மூன்று மடங்கு. அந்தத் துளைகள் டிராக் சாவின் (தண்டவாளத்தின் மேல் ஓடும் கை ரம்பம்) தண்டவாளத்தை அப்பழுக்கில்லாமல் செங்கோணத்தில் நிறுத்துவதற்காக இருக்கின்றன. டிராக் சா இல்லாதவருக்கு அறுபது, எழுபது துளை எதற்கு? திருகாணி விழும், தூள் விழும், அவ்வளவுதான். உங்களுக்கு முன்விளிம்பிலிருந்து 3 இன்ச் உள்ளே வைஸுக்கு நேராக ஒரு வரிசை, 4 இன்ச்சுக்கு ஒன்று. பின்பக்கம் நாலைந்து. போதும். பின்னால் டிராக் சா வாங்கினால் மேல்தோலை மாற்றும்போது யோசித்துக்கொள்ளலாம்.

துளை அளவில் மட்டும் ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். 20 மில்லிமீட்டர் ஒரு உலகம், முக்கால் இன்ச் இன்னொரு உலகம். முக்கால் இன்ச் என்றால் 19.05 மில்லிமீட்டர். கடையில் வாங்கும் முட்டுகள், கிளாம்புகள் எதற்கானவை என்று பார்த்து வாங்கவில்லை என்றால் ஒன்று உள்ளே போகாது, இல்லை தொளதொளவென்று ஆடும். முட்டுகளை வாங்கவே வேண்டியதில்லை. கருவேலம் மாதிரி கெட்டியான மரத்தில் ஒரு உருளை கடைந்து, தலையில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவினால் முட்டு. இழைப்புளி தவறி மோதினாலும் கத்தி மழுங்காது என்பது மர முட்டில் கூடுதல் வசதி.

ஹோல்ட்ஃபாஸ்ட் என்று ஒரு வளைந்த இரும்புக் கொக்கி இருக்கிறது. துளையில் விட்டு மேலே ஒரு அடி அடித்தால் பலகையைக் கவ்விக்கொள்ளும், பின்னால் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். இதைவிட வேகமான கிளாம்ப் கிடையாது. தண்டு துளைக்குள் சாய்ந்து இறுகுவதால்தான் அது பிடிக்கிறது. அதற்கு 36 மில்லிமீட்டர் கனம் கொஞ்சம் குறைச்சல். அது போகும் துளைகளுக்கு அடியில் மட்டும் மிச்சப் பிளைவுட்டில் ஒரு துண்டை ஒட்டி 54 ஆக்கிவிடுங்கள்.

வைஸ் முன்பக்க இடது மூலையில், வலக்கைப் பழக்கக்காரர் என்றால். 7 அல்லது 9 இன்ச் மரவேலை வைஸ் வாங்குங்கள். இரும்புப் பட்டறைக்காரர் மேசைமேல் மாட்டும் வைஸ் நமக்கு ஆகாது. உள்தாடை மேசை விளிம்போடு சமமாக உள்ளே பதிந்திருக்க வேண்டும், இரும்பின் தலை பரப்புக்கு அரை இன்ச் கீழே இருக்க வேண்டும். தாடை இரண்டின் உள்பக்கத்திலும் மெல்லிய மரப்பலகை பொருத்திவிடுங்கள். இந்த விஷயத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. லோட்டஸ் எலான் காரை வடிவமைத்த ரான் ஹிக்மன், அறுக்க வேண்டிய பலகையோடு நல்ல நாற்காலி ஒன்றையும் சேர்த்து அறுத்துவிட்டு, அந்தக் கடுப்பில் யோசித்ததுதான் பிறகு பிளாக் அண்ட் டெக்கர் விற்ற மடக்கு மேசையான ஒர்க்மேட். மேசைப்பரப்பையே இரண்டாகப் பிளந்து வைஸ் ஆக்கிவிட்டார். இடம் ரொம்பக் குறைவானவர்களுக்கு இன்றும் அது நல்ல வழி. இழைக்க மட்டும் கனம் போதாது, தள்ளினால் கூடவே நகரும்.

டேபிள் சாவுக்கு வருவோம். அதற்கு ஒரு தாழ்ந்த வண்டி செய்யுங்கள். ரம்பத்தின் மேல்தட்டு, மேசையைவிட ஒரு மில்லிமீட்டர் உயரமாக இருக்கிற மாதிரி வண்டி உயரத்தைக் கணக்கிடுங்கள். மேசை ஒரு மயிரிழை உயர்ந்தாலும் அறுத்துவரும் பலகை அதன் விளிம்பில் முட்டி நிற்கும். சுழலும் பிளேடுக்கு முன்னால் பலகை முட்டி நிற்பது வேடிக்கையான விஷயமில்லை. மேசையின் அந்தப் பக்க விளிம்பைச் சாய்வாகச் சீவியும் விடுங்கள். ரம்பத் தட்டில் மைட்டர் கேஜ் (குறுக்காக அறுக்கும்போது பலகையைக் கோணம் மாறாமல் தள்ளும் அளவுகோல்) ஓடும் இரண்டு பள்ளம் இருக்கும் அல்லவா, அதற்கு நேராக மேசைப்பரப்பிலும் ஒரு 8 இன்ச் நீளத்துக்குப் பள்ளம் எடுங்கள். குறுக்கு அறுப்புக்கு ஸ்லெட் (பலகையை மேலே வைத்துத் தள்ளும் சறுக்குத் தட்டு) செய்தால் அதன் ஓடுகட்டை அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிப் போகும். இதைப் பெரும்பாலானவர்கள் ஸ்லெட் செய்து முடித்த பிறகுதான் நினைக்கிறார்கள்.

16 அடி ஷெட்டில் 8 அடிப் பலகையை நீளவாக்கில் அறுக்க, முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, நடுவில் மெஷின். கணக்கு இடிக்கிறது. வண்டியை வாசல் பக்கம் வைத்து, ஷெட் கதவைத் திறந்து, வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளுங்கள். மேசை ஷெட்டின் நடுவில் நிற்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சுவரோடு ஒட்டிப் போட்டால் ஒரு பக்கம் வீணாகும்.

ரூட்டருக்கும் அதே கதை. மேசையின் நடுவில் ஓட்டை போடாதீர்கள். ஒரு சின்னப் பலகையில் ரூட்டரைத் தலைகீழாகப் பொருத்தி, அதை வைஸில் கவ்வி வைத்தாலே ரூட்டர் மேசை. வேலை முடிந்ததும் சுவரில் மாட்டிவிடலாம். தள்ளும் திசை வலமிருந்து இடம், பிட் சுழல்வதற்கு எதிராக. அப்புறம், நம் ஊரில் 6 மில்லிமீட்டர் தண்டுள்ள பிட்டும் கால் இன்ச் தண்டுள்ள பிட்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். கால் இன்ச் என்றால் 6.35. கால் இன்ச் காலெட்டில் (ரூட்டரில் பிட்டைப் பிடிக்கும் வாய்) 6 மில்லிமீட்டர் பிட்டை மாட்டினால் இறுகிய மாதிரிதான் தெரியும், ஓடும்போது வழுக்கி வெளியே வரும்.

மேசைக்கு அடியில் டிராயர் வேண்டுமென்றால் பரப்புக்குக் கீழே 8 இன்ச் காலியாக விட்டு அதற்குக் கீழே வையுங்கள். இல்லாவிட்டால் ஹோல்ட்ஃபாஸ்ட் தண்டு டிராயரில் இடிக்கும், துளை வழியாக விழும் தூளெல்லாம் டிராயருக்குள் சேரும். தூளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிறது. முகத்தில் கர்ச்சீப் கட்டுவது முகமூடி ஆகாது, என்95 போடுங்கள்.

மின்சாரம்: டேபிள் சா 1800 முதல் 2000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அதுவே 8, 9 ஆம்பியர், ஸ்டார்ட் ஆகும்போது இன்னும் கூட. கூடவே வாக்குவம் கிளீனரும் ஓடினால் 16 ஆம்பியர் பிளக் ஒன்று திணறும். இரண்டுக்கும் தனித்தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்து. மேசைக்கு வரும் ஒயர் தரையில் கிடக்காமல் கூரையிலிருந்து தொங்கட்டும்.

சக்கரம்? மேசைக்கு வேண்டாம், வண்டிக்கு மட்டும். பூட்டுள்ள சக்கரம்கூட இழைக்கும் தள்ளலுக்கு ஒரு நூல் அசையும், அந்த அசைவு இழைப்பில் தெரியும். எப்போதாவது மேசையை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், மிதித்தால் மேசையைத் தூக்கி, விட்டால் கால்களைத் தரையில் இறக்கிவிடும் மிதி சக்கரம் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். நகர்த்திய பிறகு சாய்ந்த தரையில் முறுக்கு மாறியிருக்கும். நூல் இரண்டையும் மறுபடி கட்டிப் பார்த்து ஆப்பைச் சரிசெய்ய வேண்டும்.

பரப்புக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள், மைக்காவும் ஒட்டாதீர்கள். வழுக்கும் மேசையில் பலகை நிற்காது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் ஒரு கை தேய்த்து, கோந்து வேலை செய்யும் நாளில் மட்டும் மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட் விரித்துக்கொண்டால் போதும். எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. காயும்போது அது தானே சூடாகும், சுருட்டிய துணி தீப்பற்றிக்கொள்ளும், பக்கத்திலேயே மரத்தூள் இருக்கிறது. விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த டப்பாவில் போட்டு மூடுங்கள்.